18 சதவீத வட்டி உண்மையா? டாக்ஸ் லியனில் முதலீடு செய்ய விரும்பும் வாசகருக்குப் பதில்

நியூ ஜெர்சியில் வசிக்கும் மென்பொருள் பொறியாளர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது: "சேமிப்பாக 30,000 டாலர் வைத்திருக்கிறேன். சொத்துவரி கட்டாதவர்களின் டாக்ஸ் லியனை, அதாவது அந்த வரி நிலுவையை வட்டியோடு வசூலிக்கும் உரிமையை, ஏலத்தில் வாங்கினால் அரசாங்க உத்தரவாதத்துடன் 18 சதவீத வட்டி கிடைக்கும் என்றும், அவர்கள் கட்டத் தவறினால் சில ஆயிரம் டாலருக்கு வீடே நமக்கு வந்துவிடும் என்றும் ஒரு பயிலரங்கில் கேட்டேன். முழுப் பயிற்சிக்கு 3,900 டாலர் கேட்கிறார்கள். சேரலாமா? சேராமல் நானே கற்றுக்கொள்ள முடியுமா? அடுத்தவர் வீட்டின் மேல் கை வைக்கிற பணம் நமக்கு வேண்டாம் என்கிறார் என் மனைவி. அவர் சொல்வது சரியா? நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்."

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

பயிற்சிக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம். அந்தப் பயிற்சியில் சொல்லித்தரப்படும் சட்டம், ஏலப் பட்டியல், ஏலத் தேதி ஆகிய மூன்றுமே பொதுவில் இலவசமாகக் கிடைப்பவை. மேலும், 30,000 டாலரில் தொடங்குகிறவர் முதலிலேயே 3,900 டாலரைச் செலவிட்டால், மீதிப் பணத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் சம்பாதித்த பிறகுதான் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவார்.

18 சதவீதம் என்பது பொய்யில்லை. ஆனால் அது ஏலம் தொடங்கும் இடத்தில் நிற்கும் எண். ஏலம் முடியும்போது அங்கே நிற்பது அரிது. டாக்ஸ் லியனை வீடு வாங்கும் குறுக்குவழியாகப் பார்க்காமல், சொத்தை ஈடாகக் கொண்ட, காகித வேலை மிகுந்த ஒரு கடன் தொழிலாகப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொத்துவரியை உள்ளாட்சி அமைப்புகளே விதித்து வசூலிக்கின்றன. நியூ ஜெர்சியில் இது பெரிய தொகை. 2024-இல் ஒரு வீட்டின் சராசரி ஆண்டு வரி 10,000 டாலரைத் தாண்டியது. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் முதல் தேதிகளில் நான்கு தவணையாக இந்த வரியைக் கட்ட வேண்டும். மக்கள் கட்டினாலும் கட்டாவிட்டாலும் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கும், நம் ஊர் மாவட்ட நிர்வாகம் போன்ற கவுண்டிக்கும் உரிய பங்கை நகராட்சி முழுமையாகக் கொடுத்தாக வேண்டும். எனவே நிலுவையை அது ஏலத்துக்குக் கொண்டுவருகிறது. ஏலம் எடுப்பவர் நிலுவையை நகராட்சிக்குக் கட்டிவிட்டு, அந்த நிலுவையை வட்டியோடு வசூலிக்கும் உரிமையைச் சான்றிதழாகப் பெறுகிறார். சொத்தின் உரிமையாளர் பிறகு நகராட்சியின் வரி வசூல் அதிகாரியான டாக்ஸ் கலெக்டரின் அலுவலகத்தில் அசலையும் வட்டியையும் கட்டி லியனை மீட்டுக்கொள்கிறார். பெரும்பாலான சான்றிதழ்களின் கதை இந்த மீட்போடு முடிந்துவிடும். தமிழ்நாட்டில் வரி நிலுவையை வசூலிக்கும் உரிமை தனியாருக்கு விற்கப்படுவதில்லை. உள்ளாட்சியே ஜப்தி வரை சென்று வசூலிக்கிறது. அதனால் ஊரில் வங்கி ஏலத்தில் வீடு வாங்கிய உறவினரின் அனுபவம் இங்கே உங்களுக்கு உதவாது.

இனி, ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நியூ ஜெர்சியில் ஏலம் 18 சதவீதத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். குறைந்த வட்டிக்குச் சம்மதிப்பவருக்கே சான்றிதழ். போட்டி கடுமையாக இருந்தால் வட்டி பூஜ்யம் வரை இறங்கும். அதற்குப் பிறகும் இருவர் மல்லுக்கு நின்றால் பிரீமியம் ஏறத் தொடங்கும். அதாவது வட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் நகராட்சியிடம் ஒரு தொகையையும் கட்டுகிறார்கள். லியன் மீட்கப்பட்டால் பிரீமியம் வட்டியில்லாமல் திரும்பி வரும். ஏல நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மீட்கப்படாவிட்டால் அது நகராட்சிக்கே போய்விடும்.

பூஜ்ய வட்டிக்கு ஏன் பணம் கட்டுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மீட்பின்போது கிடைக்கும் அபராதத் தொகை: சான்றிதழின் மதிப்பு 200 டாலருக்கு மேல் இருந்தால் 2 சதவீதமும், 5,000 டாலருக்கு மேல் இருந்தால் 4 சதவீதமும், 10,000 டாலருக்கு மேல் இருந்தால் 6 சதவீதமும் உங்களுக்குச் சேரும். மற்றொன்று, உரிமையாளர் அடுத்தடுத்த காலாண்டு வரிகளையும் கட்டாமல் விட்டால், அவற்றை நீங்களே கட்டி உங்கள் சான்றிதழோடு சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தொகைக்கு நகராட்சி விதிக்கும் தாமத வட்டியே உங்களுக்குக் கிடைக்கும். நிலுவையில் முதல் 1,500 டாலருக்கு 8 சதவீதமும் அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 18 சதவீதமும் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு. அனுபவசாலிகளின் லாபம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6,200 டாலர் நிலுவைக்கான சான்றிதழை 9,000 டாலர் பிரீமியம் கொடுத்துப் பூஜ்ய வட்டிக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதத்தில் உரிமையாளர் மீட்டுவிடுகிறார். அபராதம் 4 சதவீதம், அதாவது 248 டாலர். இடையில் இரண்டு காலாண்டு வரிகளாக 5,000 டாலர் கட்டியிருந்தீர்கள். அது சராசரியாக நான்கு மாதம் 18 சதவீதத்தில் இருந்தது என்றால் 300 டாலர். மொத்த வரவு 548 டாலர். ஆனால் 15,200 டாலர் எட்டு மாதமும், 5,000 டாலர் அதில் பாதிக் காலமும் முடங்கியிருந்தன. ஆண்டு விகிதத்தில் இது ஏறக்குறைய நாலரை சதவீதம். பதிவுச் செலவைக் கழித்தால் இன்னும் குறையும். அந்தக் காலாண்டு வரிகளைக் கட்டும் வாய்ப்பே வராமல் போனால் இரண்டரை சதவீதத்தைக்கூடத் தொடாது. அன்றைய தேதியில் அமெரிக்கக் கருவூலப் பத்திரம் என்ன வட்டி தருகிறது என்று பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை போடுங்கள். பத்திரத்துக்குக் காகித வேலையும் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.

இந்த ஏலத்தில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வங்கிகளிடம் கடன் பெற்றுச் செயல்படும் நிதி நிறுவனங்கள். ஆயிரக்கணக்கான சான்றிதழ்களைக் கணினி வைத்துக் கையாள்பவர்கள். நியூ ஜெர்சி ஏலங்களில் 1998 முதல் 2009 வரை சில ஏலதாரர்கள் எந்த லியனை யார் எடுப்பது என்று தங்களுக்குள் பங்குபோட்டு வட்டியை உயர்வாகவே வைத்திருந்ததும், மத்திய நீதித்துறை வழக்குத் தொடுத்துப் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் பதிவான வரலாறு. போட்டி நேர்மையாக நடந்தால் 18 சதவீதம் நிலைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பங்கெடுக்க முடியும் என்பதால் புளோரிடாவையும் பலர் நாடுகிறார்கள். அங்கும் ஏலம் 18 சதவீதத்தில் தொடங்கிக் கால் கால் சதவீதமாக இறங்கும். ஆண்டுதோறும் ஜூன் 1-ஆம் தேதிக்குள் கவுண்டிகள் ஏலத்தை நடத்தியாக வேண்டும். பூஜ்ய வட்டிக்கு எடுத்தவர் நீங்கலாக மற்றவர்களுக்கு, மீட்பின்போது குறைந்தபட்சம் 5 சதவீதம் கிடைக்கும் என்ற விதி அங்கே உண்டு. இதை நம்பிப் பலர் 0.25 சதவீதத்துக்குக்கூட இறங்குகிறார்கள். இரண்டு மாதத்தில் மீட்கப்பட்டால் இது அபாரமான வருமானம். இருபது மாதம் இழுத்துவிட்டால் அதே 5 சதவீதம் ஆண்டுக்கு 3 சதவீதமாகச் சுருங்கிவிடும். எது விரைவில் மீட்கப்படும் என்பதை முன்கூட்டி ஊகிப்பதே அங்கு விளையாட்டு. சான்றிதழ் ஏழு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். இரண்டு ஆண்டு கழிவதற்குள் உரிமையாளரைத் தொடர்புகொண்டு பணம் கட்டச் சொல்லி வற்புறுத்துவதும் சட்டப்படி கூடாது. டெக்சாஸ், கலிபோர்னியா நண்பர்கள் சொல்லும் கதைகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கு ஏலத்துக்கு வருவது லியன் சான்றிதழ் அன்று, சொத்தேதான். விதிகள் முற்றிலும் வேறு.

இப்போது "வீடே வந்துவிடும்" என்ற பேச்சுக்கு வருவோம். மின்னியாபொலிஸ் நகரில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் அடுக்குமாடி வீட்டை, வரியும் அபராதமும் வட்டியுமாகச் சேர்ந்த 15,000 டாலர் பாக்கிக்காக ஹென்னப்பின் கவுண்டி எடுத்துக்கொண்டு 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 94. அந்த வழக்கில் லியன் வாங்கிய தனியார் எவரும் இல்லை. ஆயினும் பாக்கிக்கு மேலான மதிப்பு உரிமையாளருக்கே உரியது என்ற கோட்பாடு லியன் ஏலம் நடத்தும் மாநிலங்களையும் தொட்டது. 2024 ஜூலையில் நியூ ஜெர்சி தன் சட்டத்தைத் திருத்தியது. லியன் வைத்திருப்பவர் இரண்டு ஆண்டு காத்திருந்து, சொத்தைக் கைப்பற்றுவதற்கான ஃபோர்குளோஷர் வழக்குப் போட்டாலும், உரிமையாளர் கேட்டுக்கொண்டால் சொத்து பொது ஏலத்துக்குப் போகும். பாக்கி போக மிச்சம் அவரைச் சேரும். புளோரிடாவிலோ முதலிலிருந்தே சான்றிதழ்தாரருக்குச் சொத்து நேரடியாக வருவதில்லை. அவர் விண்ணப்பித்தால் பொது ஏலம் நடக்கும், யாரும் கேட்காத சொத்து மட்டுமே அவர் தலையில் விழும். யாரும் கேட்காத சொத்து எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

இங்கேதான் இந்தத் தொழிலின் உண்மையான சிக்கல் இருக்கிறது. சொத்துவரி லியன் வீட்டுக்கடனுக்கும் முந்திய உரிமை கொண்டது. ஆகவே ஒரு வீட்டின் மீது வங்கிக் கடன் இருந்தால், தன் ஈட்டைக் காப்பாற்றிக்கொள்ள வங்கியே வரியைக் கட்டி லியனை மீட்டுவிடும். அப்படிப்பட்ட சான்றிதழ் பத்திரமானது. ஆனால் சீக்கிரம் மீட்கப்படுவதால் வருமானம் சொற்பம். நீண்ட நாள் மீட்கப்படாமல் கிடப்பவை எவை என்று பாருங்கள். வாரிசுகள் பிரிந்து யாரும் பொறுப்பேற்காத வீடு, எண்ணெய்த் தொட்டி கசிந்து மண் கெட்டுப்போன பழைய பெட்ரோல் நிலையம், இரண்டு மனைகளுக்கு நடுவில் நாலடி அகலத்தில் விடுபட்ட துண்டு நிலம், குடியிருப்பின் மழைநீர் வடியும் குளம், இடிக்கச் சொல்லி நகராட்சி உத்தரவு போட்ட கட்டிடம். நியூ ஜெர்சியின் தெற்கே பைன்லாண்ட்ஸ் காட்டுப் பகுதியில் வரைபடத்தில் மட்டும் தெருவும் மனையும் இருக்கும். வீடு கட்ட அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. பட்டியலில் இவை எல்லாமே பிளாக் எண், லாட் எண் என்று ஒரே மாதிரிதான் தெரியும். வாங்கியவர் பணத்தைத் திரும்பப் பெற ஒரே வழி சொத்தை எடுத்துக்கொள்வதுதான் என்ற நிலை வரும்போது, அந்தச் சொத்துக்குப் பத்து காசு மதிப்பில்லை என்பது தெரியவரும். அரசாங்க உத்தரவாதம் என்கிறார்களே, இந்த இடத்தில் எந்த உத்தரவாதமும் கிடையாது. வங்கி வைப்புக்கு உள்ள மத்தியக் காப்பீடும் இதற்கு இல்லை.

இன்னும் இரண்டு ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். உரிமையாளர் திவால் மனு போட்டால் உங்கள் நடவடிக்கைகள் அனைத்தும் அங்கேயே நின்றுவிடும். தவணை முறையில் ஐந்து ஆண்டு வரை இழுக்கலாம். அடுத்தது நியூ ஜெர்சி விதி ஒன்றால் வருவது: பின்னால் வரும் ஆண்டுகளின் வரி லியன் உங்களுடையதை முந்திக்கொள்ளும். எனவே அடுத்தடுத்த வரிகளை நீங்கள் கட்டாமல் விட்டால், வேறொருவர் அதை ஏலத்தில் எடுத்து உங்களுக்கு மேலே உட்கார்ந்துவிடுவார். கையிலுள்ள 30,000 டாலரையும் ஒரே நாளில் ஏலத்தில் போடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். பாதிக்கு மேல் ஏலத்தில் போடாதீர்கள். மீதி பின்னால் வரும் வரிகளுக்கும் வழக்குச் செலவுக்கும் வேண்டியிருக்கும். வழக்கறிஞர் கட்டணத்திலும் சட்டம் அனுமதித்த அளவுதான் உரிமையாளரிடமிருந்து திரும்பக் கிடைக்கும்.

உங்கள் மனைவி எழுப்பிய கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. வரி ஏலத்தில் பணம் போடுவது பாவம் என்று நான் கருதவில்லை. அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது. உரிமையாளருக்கும் குறைந்தது இரண்டு ஆண்டு அவகாசம் கிடைக்கிறது. ஏலத்தில் வட்டி குறைந்தால் அவருடைய சுமையும் குறைகிறது. ஆனால் கடனை அடைத்து முடித்த சொந்த வீட்டில், வங்கியின் கண்காணிப்பு இல்லாமல், தபாலைக்கூடப் பிரிக்காமல் தனியே வாழும் முதியவர்கள் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அப்படிப்பட்ட ஒருவரை வெளியேற்றக் கோரும் மனுவில் ஒருநாள் உங்கள் கையெழுத்து இருக்கலாம். அது முடியாது என்றால், ஏலத்துக்கு முன்பே உரிமையாளரே குடியிருக்கும் வீடுகளை ஒதுக்கிவிட்டு, வணிகக் கட்டிடங்களிலும் வாடகைச் சொத்துகளிலும் மட்டும் நில்லுங்கள். வாய்ப்புகள் குறையும், பரவாயில்லை. இந்த முடிவை இருவருமாகச் சேர்ந்து எடுங்கள். ஏனெனில் இரண்டு ஆண்டு கழித்து வழக்குப் போடுவதா என்ற கேள்வி உங்கள் வீட்டுக்குள்தான் வரப்போகிறது.

எப்படிக் கற்பது என்று கேட்டீர்கள். நியூ ஜெர்சியில் 564 நகராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாக ஏலம் நடத்துகிறது. நீங்கள் வசிக்கும் ஊரையும் அக்கம்பக்கத்து ஊர் இரண்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலச் சட்டத்தின் 54:5 பிரிவை முழுமையாக வாசியுங்கள்; அலுப்பூட்டும், ஆனாலும் 3,900 டாலர் மிச்சம். இந்த ஆண்டு ஏலத்தில் எதையும் வாங்காமல் உட்கார்ந்து பாருங்கள். முன்னதாக வெளியாகும் பட்டியலில் இருபது சொத்துகளைத் தேர்ந்து, வரி வரைபடத்தில் அடையாளம் கண்டு, நேரில் காரில் போய்ப் பாருங்கள். கவுண்டிப் பதிவேட்டில் கடன் இருக்கிறதா என்றும் மத்திய நீதிமன்றப் பதிவில் திவால் மனு இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வரை கேட்பீர்கள் என்று ஏலத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். ஏலம் முடிந்ததும் அவை என்ன விலைக்குப் போயின என்று ஒப்பிடுங்கள். ஆறு மாதம் கழித்து எவை மீட்கப்பட்டன என்று டாக்ஸ் கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். எந்தப் பயிலரங்கும் தராத பாடம் இதில் கிடைக்கும். உங்கள் கணக்கு சரியாக இருந்தால் அடுத்த ஆண்டு ஒன்றிரண்டு சிறிய சான்றிதழ்களை வாங்குங்கள். பிரீமியம் ஏறத் தொடங்கியதும் கையைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது முதல் ஆண்டுக்கு நான் போடும் கண்டிப்பான விதி.

வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. பணத்தை அன்றே கட்ட வேண்டும். சான்றிதழைக் கவுண்டி அலுவலகத்தில் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். உரிமையாளரின் வீட்டுக்குப் போய் நிற்க உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. அவரிடமிருந்து நேரடியாகப் பணம் வாங்குவதும் கூடாது; மீட்பு டாக்ஸ் கலெக்டர் வழியாகவே நடக்க வேண்டும். சட்டம் அனுமதிக்காத கட்டணத்தை அவர் தலையில் கட்ட முயன்றால் சான்றிதழையே இழக்க நேரிடும்.

வருமான வரியைப் பொறுத்தவரை, இந்த வட்டி நகராட்சிப் பத்திர வட்டியைப் போல வரிவிலக்குப் பெற்றது என்று சிலர் எண்ணுகிறார்கள். வட்டியைச் செலுத்துவது நகராட்சி அன்று, சொத்தின் உரிமையாளர். ஆகவே சம்பளத்தைப் போலவே முழு விகிதத்தில் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் வரி கட்ட வேண்டும். நகராட்சியிடமிருந்து, வட்டி வருமானத்தைத் தெரிவிக்கும் 1099 படிவம் வராவிட்டாலும் கணக்கில் காட்டியாக வேண்டும். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை: ஓரிரு சான்றிதழ்களை வைத்து வட்டி பெறுவது பொதுவாக முதலீடாகவே கருதப்படும். ஆனால் நிறுவனம் பதிவு செய்து, ஊர் ஊராக ஏலம் எடுத்து, சொத்துகளைக் கைப்பற்றிப் பழுதுபார்த்து விற்கும் அளவுக்கு வளர்ந்தால் அது அனுமதியில்லாத வேலை என்ற கேள்வியை எழுப்பும். அந்த எல்லையை நெருங்குவதற்கு முன், குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் எழுத்து வடிவில் ஆலோசனை பெற்றுக்கொள்ளுங்கள். அது என் தொழிலின் எல்லைக்குள் வராது.